சின்னராசாவைத் தைத்த கதை

எங்கள் தோட்டத்துக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்களில் திரும்பி வந்தவர் ஒருவரும் இல்லை என்று சொல்வார்கள். அது சுத்தப் பொய். எல்லோரும் திரும்பி வருவார்கள், பூரணி அக்காவின் வீட்டு முன் திண்ணைக்கு, எங்கள் பேச்சில் இஸ்தோப்புக்கு. சுருட்டி, கயிறு கட்டி, என்னுடைய ஆட்டோவின் பின்சீட்டில் படுத்தபடி வருவார்கள். வென்றவர், தோற்றவர், கட்சி மாறியவர் என்ற பாகுபாடெல்லாம் கிடையாது. அக்கா அந்தப் பெனர்களை விரித்து, சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயில் இருந்தால் வெளியிலும் இல்லாவிட்டால் அடுப்புக்கு மேலே கொடியிலும் காயப்போடுவார். அதன் பிறகு கத்தரிக்கோல் பேசும்.

நான் யோகேஸ்வரன். பொகவந்தலாவை பஜாரில் ஆட்டோ ஓட்டுகிறேன். பஜாரிலிருந்து மேலே ஏறினால் வருகிற தோட்டத்தின் கீழ்ப்பிரிவில்தான் என் வீடு, பூரணி அக்காவின் லயத்துக்கு அடுத்த லயத்தில். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஓடுகிற காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. காலையில் மலைக்குப் போய்த் தேயிலைக் கொழுந்து எடுப்பார், பின்னேரம் வந்து இஸ்தோப்பில் கால் மெசினைப் போட்டுத் தைப்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் என்னைத் திட்டுவார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஏழு வருஷம் கட்டுநாயக்கவில் ஒரு கார்மென்ட் ஃபெக்டரியில் வேலை செய்தவர். ஏழு வருஷம் உடுப்பா தைத்தார் என்று கேட்காதீர்கள். பாக்கெட் தைத்தார். ஒரு காற்சட்டையை முழுசாகத் தைக்க அந்த ஃபெக்டரியில் ஒருவருக்கும் தெரியாதாம். ஒருத்தி கால், ஒருத்தி இடுப்பு, ஒருத்தி சிப், அக்கா இடதுபக்கப் பின் பாக்கெட். ஏழு வருஷமும் இடதுபக்கம் மட்டும். ஊருக்கு வந்து முதன்முதலாக ஒரு முழு உடுப்புத் தைத்த அன்றைக்கு, "அட, மனுசனுக்கு வலது பக்கமும் இருக்கு" என்றாராம். இன்றைக்கும் அவர் எதைத் தைத்தாலும் அதில் ஒரு பாக்கெட் இருக்கும். அவருடைய வீட்டுக்காரர் வீரய்யா அண்ணனுக்குத் தைத்த மழைக்கோட்டில் ஒன்பது பாக்கெட். அந்த மனிதர் வெற்றிலைப் பொட்டலத்தைத் தேடித் தேடியே கிழவனாகிவிட்டார்.

ஆனால் அக்காவின் பெயரைக் காப்பாற்றியது படங்குதான். கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை சுற்றிக் கட்டுவார்களே, ஈரத் தேயிலைச் செடி சேலையை நனைத்துக் கிழிக்காமல், அதுதான் படங்கு. முந்தி உரப்பையைப் பிரித்துக் கட்டினார்கள். உரப்பை இரண்டு மாசத்தில் நாறிப்போகும், தொடையெல்லாம் அரிக்கும். பெனர் துணி அப்படி இல்லை. தண்ணீர் இறங்காது, வருஷக்கணக்கில் கிழியாது. ஒரே சிக்கல், மெசினின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகராமல் அடம்பிடிக்கும். அக்கா அதற்குக் குழந்தைப் பவுடரைத் தூவுவார். ஆகவே எங்கள் தோட்டத்து அரசியல்வாதிகள் எல்லாம் மலைக்குப் போகும்போது பச்சைக் குழந்தை மாதிரி வாசம் வீசுவார்கள்.

பெனர் என்றால் தேர்தல் பெனர் மட்டுமா? இந்த மலையில் எதற்குத்தான் பெனர் இல்லை! கோயில் திருவிழாவுக்கு, பிள்ளை வயதுக்கு வந்து சாமத்தியப்பட்டதற்கு, ஓ.எல். பாஸானதற்கு, செத்ததற்கு. வீட்டில் அரிசி இருக்கிறதோ இல்லையோ, செத்தவருக்கு ஆறடியில் கண்ணீர் அஞ்சலி கட்டாவிட்டால் சொந்தக்காரன் மூஞ்சி கொடுத்துப் பேசமாட்டான். இவ்வளவும் கடைசியில் அக்காவிடம் வருவதால் அவர் சில சட்டங்கள் வைத்திருந்தார். சாமி இடுப்புக்குக் கீழே போகக்கூடாது. முருகனும் மாரியம்மனும் கூடையை மூடுகிற துணியாகத் தலைக்கு மேலேதான் போவார்கள். சாமத்தியப்பட்ட பிள்ளையின் முகத்தை வெட்டித் தாயிடம் கொடுத்துவிட வேண்டும். செத்தவரைக் கருமாதி முடியும்வரை தொடக்கூடாது, தொட்ட பிறகும் முகம் உள்பக்கமாக இருக்க வேண்டும், வெள்ளைப் பக்கம்தான் வெளியே தெரிய வேண்டும். அரசியல்வாதிக்கு?

"அவுங்களுக்கு என்னா சட்டம்? எந்தப் பக்கமும் போடலாம்" என்பார் அக்கா.

அதனால்தான் அக்காவோடு மலைக்குப் போகிற நிஷாந்தி குனிந்து கொழுந்து எடுக்கும்போது பின்னால் மேற்பார்வைக்கு வருகிற கண்டாக்கையா ஒரு முன்னாள் பிரதேச சபை உறுப்பினரின் கும்பிட்ட கைகளைப் பார்த்துக்கொண்டே வர வேண்டியிருந்தது. ஒருநாள் அவரும் பொறுக்கமுடியாமல், "அந்த மனுசன் எனக்குச் சொந்தம், திருப்பிக் கட்டு" என்று கத்தியே விட்டார்.

சரி, சின்னராசா அண்ணன் கதைக்கு வருகிறேன்.

சின்னராசா அண்ணன் கொழுந்து லொறியில் வேலை செய்தவர். போன வருஷம் ஆவணியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லொறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தவர் எழும்பவில்லை. அவருடைய மனைவி ராசம்மாக்காவும் பூரணி அக்காவும் இருபது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவர்கள். ஒருத்தி வெற்றிலை மடித்தால் மற்றவள் வாயில் போகும் என்கிற அளவுக்கு ஒட்டு. கொழும்பில் ஹோட்டலில் வேலை செய்கிற மகன் வந்து, ஹட்டனில் ஒரு கடையில் ஆறடிப் பெனர் அடித்துக் கட்டினான். அதைப் பார்த்து லயமே வாயைப் பிளந்தது. வாழ்நாளில் சட்டைப் பொத்தானைக்கூட முழுசாகப் போடாத மனிதருக்குக் கோட்டும் சிவப்பு டையும் போட்டிருந்தார்கள். தேயிலைச் சாயம் மாதிரி இருந்த ஆளைப் பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாற்றியிருந்தார்கள். பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி வேறு. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பொண்ணு பார்க்கப் போறாரு போல" என்று சொல்லி, செத்த வீட்டிலேயே நாலு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கருமாதி முடிந்ததும் மகன் பெனரைக் கழற்றிப் பூரணி அக்காவிடம் கொடுத்தான். "வீட்டுல வைக்க எடமில்லக்கா. எதுக்காவது வச்சுக்கங்க" என்றான். அக்கா அதை ஒரு மாசம் தொடாமல் வைத்திருந்து, பிறகு வெட்டினார். மகன் தாயிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டு காம்பரா தள்ளித்தான் ராசம்மாக்கா வீடு.

இந்த வருஷம் திதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ராசம்மாக்கா பூரணி அக்காவின் இஸ்தோப்புக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன், ஆட்டோக் கூரைக்கு ஒரு ஒட்டுப் போட.

"பூரணி, அவரு பெனர ஓங்கிட்ட குடுத்ததா பய போன்ல சொல்றான். எடுத்துக் குடு. திதிக்கு வைக்கப் படம் இல்ல" என்றார்.

அக்காவின் கால் மெசினை விட்டு இறங்கியது. முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது.

"வேற படம் இல்லியாக்கா?" என்று நான்தான் கேட்டேன்.

இல்லை. கல்யாணப் படம் ஒரு வருஷம் லயம் தீப்பிடித்தபோது போனது. ஒரு படம் மகனின் போனில் இருந்தது. அந்தப் போனைக் கொழும்பில் பஸ்ஸில் எவனோ அடித்துவிட்டான். செத்த அன்றைக்கு மகன் அந்தப் படத்தை ஸ்டேட்டஸ் போட்டானாம், இருபத்து நாலு மணித்தியாலத்தில் அதுவும் போய்ச் சேர்ந்துவிட்டது. அடையாள அட்டை இருந்தது. ஆனால் அது பதினாறு வயதில் எடுத்தது. "அதுல இருக்கிற பயல யாருனே எனக்குத் தெரியாது. நான் கட்டிக்கிட்டது முப்பது வயசு ஆளை" என்றார் ராசம்மாக்கா.

பூரணி அக்கா எழுந்து நின்று, "அக்கா, நான் வெட்டிட்டேன்க்கா" என்றார்.

ராசம்மாக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெசினின் மேலே கையை ஊன்றினார்.

"எனக்கு அவரு மூஞ்சி மறந்துகிட்டு வருது. கண்ண மூடுனா சட்ட வருது, நட வருது, இருமல்கூடக் கேக்குது. மூஞ்சி மட்டும் வரமாட்டேங்குது. அந்தப் பெனர ஒருக்காப் பாத்துட்டா வந்துரும்னு நெனச்சேன். அதையும் வெட்டிட்ட" என்றார்.

அப்படியே திரும்பிப் போய்விட்டார். அடுத்த நாள் மலையில் தன் நிரையை மாற்றித் தரும்படி கண்டாக்கையாவிடம் கேட்டாராம். இருபது வருஷத்து நிரை. பூரணி அக்கா அன்றைக்கு எடுத்த கொஞ்சக் கொழுந்தை நிறுக்கவே வெட்கமாக இருந்தது என்று நிஷாந்தி சொன்னாள்.

அக்காவுக்கு எந்தத் துண்டு எங்கே போனது என்று ஒரு மண்ணும் ஞாபகமில்லை. இரண்டு பிரிவிலும் சேர்த்து நூறு படங்குக்கு மேல் போயிருக்கும். பை, சீட் உறை, தண்ணீர் பீப்பாய் மூடி என்று இன்னும் எத்தனையோ. முகம் உள்பக்கம் என்கிற அவருடைய சொந்தச் சட்டமே அவருக்கு எமனாக நின்றது. வெளியே எல்லாம் ஒரே வெள்ளை.

"முகத்த மூணு துண்டா வெட்டுனேன். அது மட்டும் ஞாபகம் இருக்கு. இந்தக் கண்ணும் பாதி மூக்கும் ஒண்ணு. அந்தக் கண்ணும் மீதி மூக்கும் ஒண்ணு. மூக்குக்குக் கீழ எல்லாம் ஒண்ணு" என்றார். சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "யோகு, எப்புடியாவது தேடித் தா. இனிமே ஒன்னையத் திட்டமாட்டேன்."

நான் நம்பவில்லை. ஆனாலும் முதலில் ஹட்டனுக்குப் போனேன். பெனர் அடித்த கடையில் பிரியந்தி என்று ஒரு சிங்களப் பிள்ளை இருக்கிறாள். சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவள் கம்பியூட்டரில் மேலும் கீழும் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். சித்திரைக்குக் கம்பியூட்டர் மாற்றினார்களாம், பழையது எல்லாம் "இவரய்" என்றாள். முடிந்தது என்று அர்த்தம். அந்த மனிதரை அவளுக்கு ஞாபகம் இருந்தது. வாய் ஒரு பக்கம் கோணலாக இருந்ததால் அதைத் தானே நேராக்கி, சின்னச் சிரிப்பும் வைத்ததாகப் பெருமையாகச் சொன்னாள். வருகிற வழியெல்லாம் அவளையும் அவளுடைய கம்பியூட்டரையும் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலையில் பெரட்டு. வேலைக்கு வந்த பெண்கள் எல்லோரும் கூடையோடு கூடி நிற்கிற நேரம். நிஷாந்தி இரவே லயம் லயமாகச் செய்தியைப் பரப்பியிருந்தாள். கண்டாக்கையா பெயர் கூப்பிட வாயைத் திறக்கவும், நாற்பது பெண்களும் ஒரே நேரத்தில் படங்கை அவிழ்த்து மறுபக்கம் திருப்பவும் சரியாக இருந்தது. எங்கள் தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு பெரட்டு நடந்திருக்காது.

"எனக்கு ஒரு செத்த கெழவியோட காது வந்திருக்குடி!"

"இங்க டை! சிவப்பு டை!"

"எனக்குத் தண்ணி மட்டும்தான். நீர்வீழ்ச்சி போல."

"ஐயோ, எனக்கு எங்க மாமியாரு! ஒரு வருசமா மாமியாரைக் கட்டிக்கிட்டா திரிஞ்சேன்!"

"அதான் ஒனக்கு இடுப்பு வலி."

"என்னா நடக்குது இங்க? எல்லாருக்கும் அரைப்பேர்தான் போடுவேன், அரைநாள் சம்பளந்தான்!" என்று கண்டாக்கையா குதித்தார். ஒருத்தியும் காதில் வாங்கவில்லை. அந்தக் களேபரத்தில் நிஷாந்தி தன்னுடைய படங்கைத் திருப்பினாள். வெளியே முன்னாள் உறுப்பினரின் கும்பிட்ட கை. உள்ளே அக்கா ஒட்டுப்போட்டிருந்த துண்டில் ஒரு கண்ணும் பாதி மூக்கும். புருவத்தில் பாதி இல்லை. லொறிக் கதவு பட்டுப் போன புருவம். எல்லோருக்கும் தெரிந்த புருவம். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கிவிட்டுக் கிட்ட வந்தார்கள். நிஷாந்தி அங்கேயே பல்லால் நூலைக் கடித்துப் பிரித்து, அந்தத் துண்டைக் கொண்டுவந்து பூரணி அக்காவின் கையில் கொடுத்தாள். கூட்டத்தின் கடைசியில் நின்ற ராசம்மாக்கா தன் கூடையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக மலை ஏறினார்.

இரண்டாவது கண்ணைத் தேடி மூன்று நாள் ஓடியது. கோழிக்கூட்டு மறைப்பு வரைக்கும் கழற்றிப் பார்த்தோம். கடைசியில் அக்காவே திடீரென்று நெற்றியில் தட்டிக்கொண்டு, "சேர் பை!" என்றார்.

குகநேசன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறார். மூன்று வருஷமாக மாற்றம் கேட்டு எழுதுகிறார், கிடைத்தபாடில்லை. மழைக்குப் புத்தகம் நனைகிறதென்று அக்காவிடம் ஒரு முதுகுப்பை தைத்து வாங்கியிருந்தார். நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் பையை மேசையில் கொட்டினார். சோதனைத் தாள், சிவப்புப் பேனை, ஒரு பொதி பனங்கட்டி. உள்ளுக்குத் தைத்திருந்த துணியை நான் பிளேட்டால் மெல்லப் பிரித்தேன். உள்ளேயிருந்து சின்னராசா அண்ணன் ஒற்றைக் கண்ணால் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"அட கடவுளே," என்றார் சேர். "பத்து மாசமா நான் இந்த மனுசனை முதுகில காவிக்கொண்டே திரிஞ்சனான்?"

"ஆமாங்க சேர்."

"சோதனைத் தாளெல்லாம் உதுக்குள்ளதான் வச்சனான். முதலில இவர் பாத்துப்போட்டுத்தான் எனக்குத் தந்திருக்கிறார். அதுதான் ஒருத்தனும் கணக்கில பாஸ் பண்ணேல்லை."

சொல்லிவிட்டு, அந்தத் துண்டைத் தன் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தார். கைக்குட்டையைத் திருப்பித் தர வேண்டாம் என்றார். யாழ்ப்பாணத்து ஆட்களைப் பற்றி நான் முந்திச் சொன்ன சில கதைகளை அன்றைக்கு மனதுக்குள் வாபஸ் வாங்கினேன்.

இனி வாய். மூக்குக்குக் கீழே உள்ளது எல்லாம். திதிக்கு இன்னும் இரண்டு நாள்.

இந்த இடத்தை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் ஊருக்கே தெரியும், நான் மறைத்து என்ன ஆகப்போகிறது? அக்கா இஸ்தோப்பில் உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டு, அந்த மாசம் வேறு என்ன தைத்தேன், என்ன தைத்தேன் என்று புலம்பிக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி என் ஆட்டோவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யோகு," என்றார். "ஒன் பின்சீட்டு."

ஆமாம். பின்சீட்டு உறை அக்கா தைத்ததுதான். அக்கா தரும்போதே சொன்னார், ஓரத்தில் கயிறு போட்டிருக்கிறேன், இழுத்துக் கட்டினால் போதும் என்று. நான் கேட்பேனா? ஆட்டோக்காரனுக்கு எல்லாம் தெரியுமே! உறை வழுக்குகிறதென்று செருப்புத் தைக்கிறவரிடம் ஒரு முழு டின் பசை வாங்கி, ஸ்பொஞ்சின் மேல் ஊற்றி, உறையை அதன்மேல் அழுத்தி, நானே ஏறி உட்கார்ந்து ஒட்டினேன். பத்து மாசமாக இந்தப் பிரிவில் உட்காராத ஆள் இல்லை. ஐயர் உட்கார்ந்தார். கர்ப்பிணிகள் உட்கார்ந்தார்கள். கோழி உட்கார்ந்தது. ராசம்மாக்காவே கிளினிக் போக நாலு தடவை உட்கார்ந்தார்.

உறையைப் பிடித்து இழுத்தோம். துணி வந்தது, படம் வரவில்லை. சாயம் முழுவதும் பசையோடு ஸ்பொஞ்சில் தங்கிவிட்டது, துண்டு துண்டாக, அழுக்காக. பிய்த்தெடுத்ததில் கிடைத்தது மீசையின் ஒரு முனை மட்டும், அரை விரல் நீளம். அக்கா அதை உள்ளங்கையில் வைத்து விரலால் நீவிவிட்டார். நான் அவரிடம் திட்டு வாங்க எவ்வளவோ ஆசைப்பட்டேன். திட்டவே இல்லை. எனக்கு என்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

அன்று பின்னேரமும் மறுநாள் காலையும் அக்கா மலைக்குப் போகவில்லை. கழுவி வெளுத்த ஒரு கோதுமை மாப்பைத் துணியை எடுத்து, அதன்மேல் இரண்டு கண் துண்டையும் சேர்த்து வைத்தார். ஒரு துண்டு படங்கில் தேய்ந்து வெளுத்திருந்தது, மற்றது பைக்குள் கிடந்ததால் பளிச்சென்று இருந்தது. மெசினில் வைக்கப் பயந்து கையாலேயே தைத்தார். மூக்கின் நடுவே ஒரு தையல் ஓடியது. ஒரு கண் நூல் அளவு மேலே போய்விட்டது. பிரித்து மறுபடி தைத்தார். மீசை முனையை அதன் இடத்தில் ஒட்டினார். அதற்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் மாப்பைத் துணி.

திதிக்கு முதல் நாள் மதியம் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. ராசம்மாக்காவின் காம்பரா வாசலில் பூரணி அக்கா நனைந்தபடி நின்றார். உள்ளே கால் வைக்கத் துணியவில்லை. நான்தான் துணியை வாங்கிக்கொண்டு போய் ராசம்மாக்காவின் மடியில் வைத்தேன்.

அவர் துணியை மடியில் விரித்தார். பாதிப் புருவத்தை விரலால் தொட்டார்.

"கண்ணு அவரு கண்ணுதான்," என்றார். பிறகு விரல் கீழே இறங்கியது. "வாய் எங்க?"

"என் சீட்டுக்குள்ள இருந்துச்சுக்கா. நான்தான் பசை போட்டுக் கெடுத்துட்டேன். பூரணியக்கா மேல தப்பில்ல" என்றேன்.

"பத்து மாசமா ஊரே அவரு வாய் மேலயா உட்கார்ந்துகிட்டுப் போச்சு?"

"ஆமாங்க்கா."

அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால் ராசம்மாக்காவின் தோள் குலுங்குகிறது. சிரிக்கிறார்!

"உசுரோட இருக்கிறப்ப ஒருத்தனாலயும் அந்த வாய அடக்க முடியல," என்று சொல்லிவிட்டு இன்னும் சிரித்தார். "தொரையக்கூட ஏசுன வாய். அது மேல கோழிய உட்கார வச்சிருக்க."

சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அந்தப் பெனர்ல இருந்தது அவரு வாயே இல்ல. கடக்காரி நேராப் போட்ட வாய். அவருக்கு இந்தப் பக்கம் எறங்கியிருக்கும். பீடிய அங்கேயே கவ்விக் கவ்வி எறங்குனது. இந்தப் பக்கம் ஒதடு கொஞ்சம் தூக்கும், ஏச வாயெடுக்கப் போற மாதிரியே." சொல்லச் சொல்ல அவருடைய சொந்த வாய் அப்படியே கோணியது. "சாக்கட்டி இருக்கா?"

வாசலில் நின்ற பூரணி அக்கா மடியிலிருந்து தையல் சாக்கட்டியை எடுத்து நீட்டினார். ராசம்மாக்கா அவர் முகத்தைப் பார்க்காமலே வாங்கினார். மாப்பைத் துணியில் நீலக் கோடு போட்டார். அழித்தார். மறுபடி போட்டார். பேனை பிடிக்காத விரல். ஆனால் மூன்றாவது கோடு வளைந்து இறங்கியபோது நான் தானாகவே ஓரடி பின்வாங்கினேன். ஏனென்றால் அந்த வாய் என்னை "எருமை" என்று கூப்பிடப் போகிற வாய்தான். நூறு தடவை கூப்பிட்ட வாய்.

"சாக்கட்டி அழிஞ்சிரும்," என்றார் ராசம்மாக்கா, துணியைப் பார்த்துக்கொண்டே. "தைக்கணும்."

பூரணி அக்கா உள்ளே வந்தார். தரையில் உட்கார்ந்து கறுப்பு நூலைக் கோத்தார். கோட்டின் மேலே ஊசி போனது. ராசம்மாக்கா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் கீழ. அங்க வளை. ம்... இப்பத் தூக்கு. மெதுவா. அங்கதான், அங்க நிறுத்து."

கடைசித் தையலை முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்தார் பூரணி அக்கா. ராசம்மாக்கா துணியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கண்ணை இறுக மூடினார்.

"வந்துட்டாருடி பூரணி," என்றார். "மூஞ்சி வந்துருச்சுடி."

செத்த வீட்டில்கூட அழாத மனுஷி அவர். துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஓங்கி அழுதார். பூரணி அக்காவும் அழுதார். நானும்தான் அழுதேன், அதில் எனக்கென்ன வெட்கம். பூரணி அக்காவை ராசம்மாக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டு எட்டு நாள் ஆகியிருந்தது.